முட்டுக்காட்டில் ஒரு பாட்டி வீடு

லீவு விட்டால் ‘பாட்டி வீட்டுக்குப் போகலாம்’ என்கிற பேச்சு, பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குறைந்துகொண்டே வருகிறது. பலருக்கு ஊரில் பாட்டி இல்லை. பாட்டி இருந்தாலும், திண்ணையும் முற்றமும் வைத்த அந்த வீடு இல்லை.

அப்படியொரு வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட காரைக்குடி வரை போக வேண்டியதில்லை. சோழிங்கநல்லூர் வழியாக அக்கரைக்கு வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா வந்துவிடும். பகலில் சுற்றிப் பார்க்கலாம். முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொண்டால் வளாகத்தில் உள்ள விருந்தினர் விடுதியில் இரவு தங்கவும் செய்யலாம்.

டெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன்தான் இதை நடத்துகிறது. கேரளத்தில் செங்கல்லை வைத்தே எளிமையான வீடுகள் கட்டிப் புகழ்பெற்ற லாரி பேக்கர் வளாகத்துக்கு வடிவம் கொடுத்தார். சுமார் 10 ஏக்கர் பரப்பில், 1996 டிசம்பரில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

இங்குள்ள வீடுகள் பலவும் சினிமா செட் போலப் புதிதாகக் கட்டியவை அல்ல. சொந்த ஊரில் இடிபட இருந்தவை. தூண், உத்தரம், கதவு, நிலை என ஒவ்வொன்றையும் பிரித்து எடுத்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, அந்தந்தப் பாணி தெரிந்த தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வணிகர் வீட்டில் நுழைந்ததும் வழவழப்பான மரத்தூண்களைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அடுத்து அக்ரஹாரத்து வீடு, குயவர் வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு. கேரளப் பகுதியில் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு மரத்தாலேயே இழைத்தது. கர்நாடகப் பகுதியில் இல்கல் நெசவாளர் வீட்டின் கல்சுவர் கண்ணை இழுக்கும்.

அவசரப்படாமல் ஒரு திண்ணையில் கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வெயில் முற்றத்தில் விழுகிறது. ஆனால் தாழ்வாரம் குளுமையாக இருக்கிறது. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விட, வாசல் பக்கக் காற்று உள்ளே வருகிறது. வழிப்போக்கருக்கென்று வீட்டுக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் உறைக்கும். நம் ஃபிளாட்டில் அந்த இடத்தில் செருப்பு ஸ்டாண்ட் இருக்கிறது.

சந்தோஷத்தோடு ஒரு சங்கடமும் உண்டு. இந்த வீடுகள் பிழைத்தன. ஆனால் ஊரைவிட்டு வந்துதான் பிழைத்தன. வராத வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன.

நின்ற இடத்திலேயே மீண்ட வீடுகளும் இருக்கின்றன. கானாடுகாத்தானில் சில பெரிய வீடுகள் தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்திறங்கிய தரங்கம்பாடியில், கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்றும் சீரமைக்கப்பட்டு விடுதியானது. பழைய கூரையின் கீழேயே படுத்துறங்க ஆசைப்படுபவர்கள் அங்கே போகலாம்.

தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் வேண்டும். மண்பாண்டச் சக்கரத்தில் கைவைக்கும் பிள்ளைகளுக்கு மாற்று உடுப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் முட்டுக்காடு படகுக் குழாமையும் பார்த்துவிடலாம்.

ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு உங்களுக்கும் இருந்தால், திரும்பி வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். ஓடு மாற்ற என்ன ஆகும் என்று உள்ளூர்த் தச்சரிடமும் கொத்தனாரிடமும் விசாரியுங்கள். இடிப்பவரிடம் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.