கம்பெனி பஸ் திரும்பும் நேரம்

ஆம்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தோழிக்கு,

நம் ஊரில் பூங்காவுக்கு இடம் பார்க்கிறார்கள், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு உன்னையும் அழைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டேதான் நான்கு நாளாக வேலூரிலும் ஆம்பூரிலும் சுற்றினேன்.

வேலூர்க்காரர்களுக்குப் பொழுது சாய்ந்தால் கோட்டை. அகழியை ஒட்டிய புல்வெளியில் அன்று எத்தனை விதமான மனிதர்கள்! பந்து விளையாடும் பையன்கள், பேரனுக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுக்கும் தாத்தா, சி.எம்.சி. மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்து வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வடமாநிலக் குடும்பங்கள். போருக்காக 16ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை இது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இங்கேதான். பூங்காவாக யாரும் திட்டமிடாத இந்த இடம் இன்று ஊருக்கே முற்றமாக இருக்கிறது. ஊர் நடுவில் இருக்கிறது, வந்தவரை யார் என்று கேட்பதில்லை, உட்கார இடம் தருகிறது. வேறென்ன வேண்டும்?

ஆம்பூரில் அப்படி ஒரு கோட்டை இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே 1,14,608 பேர் வாழ்ந்த ஊர். இங்கே பாலாறுதான் முற்றமாக இருந்திருக்கிறது. பாலத்தருகே நின்றிருந்த பெரியவர் ஒருவர் ஆற்றைக் காட்டிச் சொன்னார்: “சின்ன வயசுல இந்த மணல்லதாம்மா கபடி. தாகம் எடுத்தா கையால ஊத்து தோண்டிக் குடிப்போம்.” இன்று அந்த மணலில் பெரும்பகுதி லாரி ஏறிப் போய்விட்டது. நீரைத் தோல் பதனிடும் கழிவு கெடுத்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று இந்த வட்டாரத்து வழக்கில்தான் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போனதாக அந்தத் தீர்ப்பு பதிந்திருக்கிறது.

அதனால் இங்கே பூங்கா போடுவது என்றால் வேலி கட்டிப் புல் விரிப்பதோடு முடியாது. மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். பழைய தோல் தொழிற்சாலை மனை என்றால் குழந்தைகளை விடுமுன் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். உப்பேறிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புல்வெளி பிழைக்காது. அந்தக் காசில் உப்பைத் தாங்கும் புங்கன்களை நட்டால் நிழலாவது மிஞ்சும்.

ஆனால் எனக்கு உண்மையான பாடம் கிடைத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். இங்கே ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெண்களே அதிகம். சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போகிறது, இருட்டும் வேளையில் கொண்டுவந்து விடுகிறது. இறங்கிய ஒரு பெண்ணிடம், பூங்கா பக்கம் போவதுண்டா என்று கேட்டேன். கையிலிருந்த டிபன் பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“நாங்க வர்றதுக்குள்ள பூட்டிடறாங்கக்கா. ஞாயித்துக்கெழம துணி தொவைக்கவே சரியா போவுது. பஸ்ஸு எறக்கிவுடற எடத்துல உக்கார ஒரு திண்ண, ஒரு லைட்டு, ஒரு பாத்ரூமு இருந்தா போதும். பத்து நிமிசம் பேசிட்டு வூட்டுக்குப் போவோம்.”

அந்தப் பத்து நிமிடத்துக்கு எந்த வரைபடத்திலும் இடமில்லையே என்று நினைத்துக்கொண்டே அறைக்குத் திரும்பினேன். ஊர்க்கோடியில் நீரூற்றும் யானைச் சிலையும் வைத்து ஒரே பெரிய பூங்காவாகக் கட்டுவதைவிட, பஸ் நிற்கும் இடந்தோறும் நாலு சென்ட் நிழல் தருவது மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இடம் எங்கே என்பார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு எதுவானாலும், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பொது உபயோகத்துக்கென ஒதுக்கி உள்ளாட்சியிடம் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி எல்லாவற்றுக்கும் உள்ளாட்சி பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று 1959லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வரும் வழியில் அப்படிப்பட்ட ‘பூங்கா இடம்’ ஒன்றைப் பார்த்தேன். சீமைக் கருவேலம் மண்டி, கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்தது.

நம் ஊரிலும் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கு. ஒவ்வொரு இடத்தையும் நேரில் போய்ப் பார். அதற்கு முன்னால் ஒன்று செய். கூட்டம் புதன்கிழமை காலை 11 மணிக்கு என்று எழுதியிருக்கிறாய். அந்த நேரத்தில் நம் நூல் மில் பெண்கள் ஒருவர்கூட வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு மாற்றச் சொல்லி நாளைக்கே மனு கொடு. என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
உன் தோழி