யோபுவைக் கேட்டீர்களா?

துன்புறுவோரைப் பற்றிப் பேசுவது எளிது. துன்புறுவோரோடு அமர்ந்து பேசுவது அரிது. யோபு நூலை வாசிக்கும்போதெல்லாம் இந்த எண்ணமே மேலோங்குகிறது. எலிப்பாசு, பில்தாது, சோப்பார் ஆகிய நண்பர் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் யோபுவின் அருகே தரையில் மௌனமாக அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தாம். பேசத் தொடங்கிய பிறகோ, யோபுவின் துன்பத்திற்கு யோபுவைவிடத் தாங்களே நன்கு பொருள் சொல்ல முடியும் என்று வாதிட்டனர். நூலின் முடிவில் இறைவன் அவர்களைக் கடிந்து, தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுவே என்று தீர்ப்பளிக்கிறார்.

மனநல ஆய்வுத் துறையும் நெடுங்காலம் இந்நண்பர்களைப் போலவே நடந்துகொண்டது. மருத்துவர் கேட்பார், நோயாளி விடை சொல்வார், எது முக்கியம் என்பதை மருத்துவரே எழுதிக்கொள்வார். இந்த வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியவர்களுள் இங்கிலாந்தின் டயானா ரோஸ் என்ற அறிஞர் குறிப்பிடத்தக்கவர். மனநோயால் துன்புற்று, மின்னதிர்வுச் சிகிச்சையும் பெற்றவர் அவர். நம் மக்கள் 'ஷாக் வைப்பது' என்று அஞ்சிப் பேசும் சிகிச்சை அது. 2001ஆம் ஆண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரியில், மனநலச் சேவைகளைப் பெற்றவர்களே ஆய்வாளர்களாகப் பணியாற்றும் ஒரு பிரிவு உருவாயிற்று. ரோஸ் அதன் தூண்களுள் ஒருவரானார்.

2003ஆம் ஆண்டு அவரும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அச்சிகிச்சை குறித்து நோயாளிகள் கூறியவற்றை, மருத்துவர்கள் நடத்திய 26 ஆய்வுகளிலிருந்தும், நோயாளிகள் தாமாகவோ பிறரோடு இணைந்தோ உருவாக்கிய 9 அறிக்கைகளிலிருந்தும் திரட்டி ஒப்பிட்டனர். பெற்ற பயன் எவ்வளவு என்பதற்கான விடை, ஆய்வு நடத்தப்பட்ட முறைக்கேற்ப மாறியது. சிகிச்சை முடிந்த சில நாள்களில், மருத்துவமனையிலேயே, சிகிச்சை அளித்தவரே சுருக்கமாகக் கேட்டால் 'நலம்' என்ற விடை எளிதில் வருகிறது. காலம் கடந்து, வேறோர் இடத்தில், பொறுமையோடு கேட்டால் சொல்லப்படாதவையும் வெளிவருகின்றன. மூவரில் ஒருவருக்கேனும் நீடித்த நினைவிழப்பு இருந்ததாக அவர்களே கூறியது அவ்வாறு தெரியவந்தது. நினைவிழப்பு பெரிதன்று என அதுவரை நோயாளிகளுக்குச் சொல்லப்பட்டு வந்த உறுதிமொழிக்கு ஆதாரமில்லை என்று ஆய்வாளர்கள் முடிவு கூறினர்.

இதனால் அச்சிகிச்சையே தீது என்பதன்று. கடுமையான மனச்சோர்வில் அது பலரை மீட்டிருக்கிறது. மருத்துவரின் கல்வியை நோயாளியின் அனுபவம் தள்ளிவிடுவதில்லை. அதன் குறையை நிறைவு செய்கிறது. யார் கேட்கிறார், எங்கே, எப்போது கேட்கிறார் என்பதைப் பொறுத்தே உண்மையும் வாய் திறக்கிறது.

அதே கிங்ஸ் கல்லூரியை மையமாகக் கொண்டு 2018இல் மாணவர்களின் மனநலத்தை ஆராய ஒரு வலையமைப்பு தொடங்கப்பட்டது. எவற்றை ஆராய வேண்டும் என்று தீர்மானிப்பதிலேயே மாணவர்களின் குரலுக்கும் அதில் இடம் அளிக்கப்பட்டது. இதைப் படித்தபோது நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு என்ன தேவை என்பதை அவர்களிடம் கேட்டுத் தீர்மானிக்கும் பெற்றோர் நம்மில் எத்தனை பேர்?

சில ஆண்டுகளுக்கு முன், பிளஸ் டூ மாணவர்களின் தேர்வு அச்சத்தைப் போக்க எங்கள் பங்கில் பெரியவர்கள் கூடித் திட்டம் தீட்டினோம். கோவில் முற்றத்தில் பந்தல், வல்லுநர் உரை, பிறகு தனித்தனியே ஆலோசனை என்று எல்லாம் முடிவாகும் தறுவாயில், நாற்காலிகளை எடுத்துப் போட உதவிய இளைஞர் ஒருவர் தயங்கிப் பேசினார். மனச்சோர்வினால் கல்லூரியை இடையில் விட்டு, ஓராண்டு சிகிச்சைக்குப் பின் மீண்டும் சேர்ந்தவர் அவர். "சாமி, இது எனக்காகப் போட்ட பந்தலாயிருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன். யார் உள்ளே போகிறார்கள் என்று ஊரே பார்க்குமே!" என்றார். "என்ன செய்யலாம், தம்பி?" என்றேன். மாலைப் படிப்பு நடக்கும் அறையை அடுத்த சிறு அறையில் ஒருவர் அமர்ந்திருந்தால் போதும். புத்தகம் எடுக்க வருவதுபோல் வந்து பேசிவிட்டுப் போகலாம் என்றார். அவ்வாறே செய்தோம். முதல் இரு வாரங்கள் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் வாரம் ஒரு மாணவி வந்தாள். பின்னர் இன்னும் இருவர். வல்லுநர் எவருக்கும் தோன்றாத வழியை அவருடைய காயமே அவருக்குக் காட்டியிருந்தது.

வெட்கம் இத்துணை ஆழமாய் வேரூன்றியதில் திருச்சபையின் பழைய கடுமைக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அறிந்தே தன்னுயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட வேண்டும் என்றது 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு அந்த விதியைக் கைவிட்டது. கடுமையான மனக்கோளாறு ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. சட்டம் மாறிவிட்டது, ஆனால் நம் இல்லங்களில் அச்சம் இன்னும் மாறவில்லை. மகன் மாத்திரை உண்பதை உறவினருக்குத் தெரியாமல் மறைக்கும் தாய்மார் எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார்கள்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ மனம் நொந்த ஒருவர் இருப்பின், அறிவுரையைச் சற்றே ஒத்திவையுங்கள். அருகில் அமருங்கள். அவருக்கு எது உதவும் என்று அவரையே கேளுங்கள். மருத்துவரிடம் போக வேண்டுமெனில் உடன் செல்லுங்கள். நண்பர்கள் மூவரும் தொடக்கத்தில் காத்த அந்த ஏழு நாள் பொறுமை இருந்தால், யோபு தாமாகவே பேசுவார்.