ஆறு அங்குலத் துளை

சிம்னி பொருத்த வந்த அண்ணாச்சி, அடுக்களைக்குள் நுழையும் முன் வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். குழாயின் வாய் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. "மேக்க வச்சா, ஆடி மாசம் போன புகையெல்லாம் திரும்பி உள்ளதான் வரும்" என்றார். மேற்கு மலைக் கணவாயில் புகுந்து தேரிச் செம்மணலையும் அள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்றை எங்கள் ஊரான நாசரேத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிழக்குச் சுவரே முடிவானது.

துளை போடுவதுதான் பெரிய வேலை. கூட வந்த தம்பி கோர் மெஷினைச் சுவரில் அழுத்திப் பிடிக்க, அண்ணாச்சி தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். வெளிப்பக்கம் இரண்டு நூல் சரிவு இருக்கும்படி அறுத்தார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியக் கூடாது. துளை ஆறு அங்குலம். நான்கு போதாதா என்று வீட்டுக்கார அக்கா கேட்டார். பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நான்கு அங்குலமாகக் குறைத்தால் காற்று போகும் வழி பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். பெட்டியில் மணிக்கு 1200 கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பது அப்புறம் வெறும் எண்தான்.

அலுமினியக் குழாயை மடிப்பே தெரியாதபடி முழு நீளத்துக்கும் இழுத்தார்கள். தம்பி மிச்சத்தைச் சுருக்கி உள்ளே தள்ளப் போனான். "ஏல, வெட்டிப் போடு. மடிப்புல எண்ணெ தங்கும், தீ பிடிச்சா அங்கனதான் பிடிக்கும்." மேலே போய் ஒரே ஒரு வளைவு, நேராக வெளியே. திருகாணி உள்ளே நீட்டினால் பிசுக்கு சேரும் என்பதால் கிளாம்ப் போட்டு டேப் சுற்றினார்கள்.

சிம்னியை வசதி வீட்டு ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. கடும் சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2006இல் சேர்த்தது. நம் ஊரில் மீன் பொரியாத வாரம் ஏது? விடிலி என்ற ஓலைக் குடிசைக்குள் கருப்பட்டி காய்ச்சி நெஞ்சு கரித்த பெண்களுக்கு ஓலை இடுக்குதான் புகைபோக்கி. அவர்கள் பேத்திகளாவது நல்ல காற்றில் சமைக்கட்டும்.

மிஷனரி மர்காஷிஸ் ஐயர் தொழிற்பள்ளி தொடங்கி, கைத்தொழிலைப் பாடமாகவே கற்றுக்கொடுத்த ஊர் இது. ஆனால் இந்த வேலைக்கு வகுப்பு இல்லை. அண்ணாச்சியும் தம்பியும் சுவர் சுவராகப் போய்த்தான் கற்றுக்கொண்டார்கள். இயந்திரத்துக்கு முணுமுணுக்காமல் பணம் கொடுப்பவர்கள் துளைக்கூலிக்குப் பேரம் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சிம்னியை ஓடவிட்டு, வடிகட்டியில் அண்ணாச்சி ஒரு தாளை வைத்தார். ஒட்டிக்கொண்டது. கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொன்னார், தாள் தளர்ந்தது. "உள்ள காத்து வந்தாதானக்கா வெளிய போவும்? ஜன்னல ஒரு சாண் திறந்து வைங்க."

அடுத்த வீட்டில் அடுப்பு மேடை உள்சுவரை ஒட்டி இருக்கிறதாம். குழாய் மூன்று வளைவு வளைந்து, கூடத்தைக் கடந்து போக வேண்டும். மேடையை மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சிம்னி விற்ற கடைக்காரருக்கு அதில் கோபம். அண்ணாச்சி இறங்கி வருவதாயில்லை.