இமயத்தில் ஒரு ஜாகை

கோடை பிறந்ததும் நம் குடும்பங்களில் ஒரு சிறு மகாநாடு கூடுவது வழக்கம். இந்த வருஷம் எங்கே போவது என்பதுதான் விவாதப் பொருள். இமயமலைக்குப் போய்ப் பத்து நாள் நடந்துவிட்டு வரலாம் என்று பிள்ளைகள் பிரேரணை கொண்டுவருவார்கள். குடும்பத் தலைவர் பென்சிலும் காகிதமுமாக உட்காருவார். ரயில் சத்தம் ஒருவாறு கணக்கில் அடங்கிவிடும். நடப்பதற்கோ காசே கிடையாது. ஆனால் ராத்திரி தங்குவதற்கு ஜாகை என்னும் இடத்தில் பென்சில் நின்றுவிடும். அத்துடன் பிரேரணையும் தோற்றுப்போகும்.

இப்படித் தோற்க வேண்டிய அவசியமில்லை. கையில் அதிகப் பணமில்லாதவர்கள் இமயத்தில் நடப்பது புதிய சங்கதியன்று. பல நூற்றாண்டுகளாக அவர்கள்தாம் அங்கே நடந்திருக்கிறார்கள்.

பதரிநாதத்துக்கும் கேதாரத்துக்கும் மோட்டார் வண்டி எட்டாத காலத்தில், யாத்ரிகர்கள் ரிஷிகேசத்திலிருந்து வாரக்கணக்கில் நடந்தார்கள். வழியில் சில மைலுக்கு ஒரு 'சட்டி' இருந்தது. சட்டி என்றால் நம் சமையலறைச் சட்டியல்ல. தங்குமிடத்துக்கு அவ்வூரார் இட்ட பெயர். நீண்ட தாழ்வாரம், மேலே கூரை, ஒரு பக்கத்தில் கடை, அவ்வளவுதான். கோதுமை மாவும் பருப்பும் நெய்யும் விறகும் அந்தக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியது. அப்படி வாங்கினால் படுக்க இடத்துக்கு வாடகை இல்லை. சமைக்கப் பாத்திரமும் கடைக்காரரே கொடுப்பார். காலையில் பாத்திரத்தைத் துலக்கி ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். மாவு வாங்கக்கூட வழியில்லாத சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் தர்மசாலைகள் இருந்தன. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில், சுவாமி விசுத்தானந்தர் என்னும் துறவி கறுப்புக் கம்பளி ஒன்றைப் போர்த்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, தனவந்தர்களிடம் யாசித்து யாத்திரை வழியில் சத்திரங்கள் ஏற்படுத்தினார். 'காலி கம்ளி வாலா' என்று ஜனங்கள் அவரை அழைத்தார்கள். அவர் பெயரால் நடக்கும் தர்மசாலைகளில் இன்றும் சொற்பக் காணிக்கைக்கு அறை கிடைக்கிறது.

1962-ல் சீன யுத்தம் நடந்தது. அதன்பின் எல்லைவரை மோட்டார்ச் சாலைகள் போட்டார்கள். வாரக்கணக்கில் நடந்த வழி ஓரிரு நாளில் கடக்கும் வழியாயிற்று. சட்டிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. ஹனுமான் சட்டி, ஜானகி சட்டி, கருட சட்டி என்று பெயர்கள் மட்டும் வரைபடத்தில் நிலைத்தன. ஓட்டல்கள் வந்தன, ஓட்டல்களோடு ஓட்டல் வாடகையும் வந்தது.

ஆயினும் பழைய தர்மம் அடியோடு அழிந்துவிடவில்லை. அதன் அழகைக் காண விரும்புவோர் காங்கரியாவுக்குப் போக வேண்டும். பதரி சாலையில் உள்ள கோவிந்தகாட்டிலிருந்து புல்னா கிராமம்வரை சுமார் 4 கிலோமீட்டர் ஜீப் போகிறது. பிறகு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஆற்றோரமாக ஏற்றம். ஏறி முடித்தால் தேவதாரு மரங்களின் நடுவே, சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், ஒரு சிற்றூர். அங்குள்ள குருத்வாராவில் சாதி மதம் கேட்பதில்லை; வாடகையும் கேட்பதில்லை. பந்தியில் உட்கார்ந்தால் ரொட்டியும் பருப்பும் வயிறு நிறையும். கம்பளி கொடுப்பார்கள். தலையை மூடிக்கொள்ளல், புகையும் மதுவும் தவிர்த்தல், போகும்போது உண்டியலில் இயன்றதைப் போடுதல் ஆகியவைதாம் நிபந்தனைகள். கூட்ட நாட்களில் பெரிய கூடத்தில் நூறு பேரோடு படுக்க நேரிடும். தனி அறை வேண்டுவோருக்கு ஊரிலே சிறு விடுதிகள் இருக்கின்றன.

அங்கிருந்து ஒரு வழி, சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேமகுண்டத்துக்கு 6 கிலோமீட்டர் செங்குத்தாக ஏறுகிறது. மற்றொன்று மலர்ப் பள்ளத்தாக்குக்குச் செல்கிறது. 1931-ல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர் எழுதி உலகறியச் செய்த இடம் அது. ஜூன் முதல் தேதியிலிருந்து அக்டோபர் முடிவுவரை திறந்திருக்கும். இரண்டிடத்திலும் இரவு தங்க அனுமதி இல்லை. ஆகையால் காங்கரியாவில் இரண்டு மூன்று இரவு ஜாகை பிடித்துக்கொள்வதே முறை.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சாரி என்ற கிராமத்தைச் சிபாரிசு செய்யலாம். உக்கிமடத்துக்குச் சமீபத்தில் உள்ளது. அங்கே பல வீடுகளில் ஓர் அறையை விருந்தினருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 'ஹோம்ஸ்டே' என்று இதற்குப் பெயர். ஊரிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் ஏறினால் தேவரியா ஏரி. விடியற்காலையில் சௌகம்பா சிகரங்கள் அதில் முகம் பார்ப்பதைக் காணலாம். இன்னொரு நாள் சோப்தாவுக்குப் போய், அங்கிருந்து நாலு கிலோமீட்டர் நடந்து, 3,600 மீட்டருக்கு மேல் உள்ள துங்கநாதர் கோயிலைத் தரிசிக்கலாம். இந்த வீடுகளில் சாப்பாடும் கிடைக்கும். 'மண்டுவா' ரொட்டி என்று பரிமாறுவது நம் கேழ்வரகுதான். 'ஜங்கோரா' என்பது நம் குதிரைவாலிதான். கொள்ளுப் பாட்டி காலத்துத் தானியங்களை இமயத்தில் சந்தித்து நம் பிள்ளைகள் வியப்படையக்கூடும்.

இவையன்றி, கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்னும் சர்க்கார் ஸ்தாபனத்துக்கு முக்கியமான ஊர்களிலெல்லாம் விடுதிகள் உண்டு. பொதுப் படுக்கைக் கூடத்தில் கட்டணம் குறைவு. மே, ஜூன் மாதங்களில் முன்கூட்டியே பதிவு செய்யாமல் போனால் இடமிராது.

வாடகை விஷயம் இவ்வளவு. ஆனால் இமயத்தில் ஜாகை தேடுவோர் வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வீடு எங்கே நிற்கிறது?

2013 ஜூன் 16, 17 தேதிகளில் பெருமழை பெய்து, கேதாரத்துக்கு மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்தது. மந்தாகினிக் கரையில் யாத்ரிகர் இளைப்பாறும் இடமாயிருந்த ராம்பாரா இருந்த சுவடே இல்லாமல் போயிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 2025 ஆகஸ்டு 5-ந் தேதி கங்கோத்திரிச் சாலையில் தராலி என்ற ஊரில், ஓடையோரத்திலிருந்த பல மாடி விடுதிகளைச் சேறும் பாறையும் நிமிஷங்களில் மூடின. ஆற்றங்கரை அறையின் சன்னல் வழியே காட்சி அழகாய்த்தான் இருக்கும். ஆனால் மலையாறு தன் பழைய படுகையை மறப்பதில்லை. என்றேனும் ஒரு நாள் திரும்பக் கேட்கும். பழைய கிராமங்கள் பெரும்பாலும் சரிவிலே, ஓடைக்கு விலகி, உறுதியான மேட்டில் இருப்பதைப் பார்க்கலாம். அங்கே ஒரு சிறு அறை, கரையோர மாளிகையைவிட மேல். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "இந்த ஓடையில் வெள்ளம் எதுவரை வந்ததுண்டு?" என்று விசாரித்துவிட்டு மூட்டையை இறக்குவது நல்லது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மலர்கள் மிகுதி, மண்சரிவும் மிகுதி. மே மாதமும் ஜூன் முற்பகுதியுமே குடும்பத்தோடு செல்ல ஏற்ற காலம்.

இன்னும் சில வார்த்தைகள். மலைச் சாலையில் இரவில் வண்டி ஓடாது. விடியற்காலையில் புறப்பட்டு, பிற்பகலிலேயே ஜாகை சேர்ந்துவிடுங்கள். சொந்தப் போர்வை ஒன்று கையில் இருக்கட்டும். சார்தாம் யாத்திரை ஸ்தலங்களுக்குச் செல்வோர் சர்க்காரில் பெயர் பதிவு செய்துகொள்வது கட்டாயம். வெந்நீர் வாளிக்குத் தனிக் காசு என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த விறகு முதுகில் சுமந்து வந்தது.

கர்வால் மலைகளில் பிழைப்புத் தேடி வாலிபர்கள் சமவெளிக்கு இறங்கிவிட்டதால், பூட்டிக் கிடக்கும் வீடுகள் அநேகம். ஆள் இல்லாமல் முழுவதும் காலியான கிராமங்களும் உண்டு. நாம் ஒரு கிராமத்து வீட்டில் மூன்று இரவு தங்கிக் கொடுக்கும் சொற்பத் தொகை அந்த வீட்டிலேயே தங்குகிறது. பட்டணத்துக்குப் போகலாமா என்று யோசிக்கும் ஒரு பிள்ளை, இன்னும் ஒரு வருஷம் இருந்து பார்ப்போம் என்று எண்ணுவதற்கு அது உதவக்கூடும். குறைந்த செலவில் இமயத்தைப் பார்க்க விரும்புவோர் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே: நமக்குச் சிக்கனமான ஜாகை, மலையில் ஒரு வீட்டின் அடுப்பு அணையாமல் காக்கிறது. இம்முறை பென்சில் நிற்க வேண்டாம். கணக்கை மேலே போடுங்கள்.