சாவியும் டம்ளரும்

பஞ்சசீலத்தில் எது கடினம் என்று எங்களைக் கேட்டால், நான்காவது என்போம். பொய் சொல்லாமை. ஆனையூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த மூன்று மாதங்களில்தான் அது எங்களுக்குப் புரிந்தது.

"நீங்க என்ன ஆளுக?" இந்தக் கேள்வியை எடுத்ததும் கேட்பதில்லை. அறைகளைக் காட்டி, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லி, அட்வான்ஸும் பேசி முடித்த பிறகு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். ஆனையூர் 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. கேள்வி மட்டும் பழைய ஊரிலேயே நிற்கிறது.

"பௌத்தர்கள்" என்றோம். முதல் வீட்டம்மாவுக்கு மகிழ்ச்சி. "ரொம்ப அமைதியான மதம்ல!" என்றார். அவர் வீட்டு மீன்தொட்டிக்குப் பக்கத்திலும் ஒரு புத்தர் தலை இருந்தது. இரண்டு நிமிடம் கழித்து, "அதுக்கு முன்னாடி?" என்றார். சொன்னோம். மறுநாள் போன் செய்து, மகன் வெளியூரிலிருந்து குடிவருவதாகச் சொன்னார். வீட்டைப் பார்த்தபோது அந்த மகனைப் பற்றிப் பேச்சே இல்லை.

அன்றிரவு எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம். நாங்கள் இருவரும் சமூகவியல் முதுகலை வகுப்பில் சந்தித்தவர்கள். வாக்குவாதத்துக்குக் குறைவே இருக்காது. "பௌத்தர்" என்று சொன்னது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்வதற்காகச் சொன்னோமா, சாதியை மறைப்பதற்காகச் சொன்னோமா? 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு தம்மம் ஏற்றது ஒளிந்துகொள்வதற்காக அல்ல. சட்டத்துக்கும் இது தெரியும். 1990 திருத்தத்தில் பௌத்தர்களும் பட்டியல் சாதியினராக ஏற்கப்பட்டார்கள். மதம் மாறியதும் தீண்டாமை மறைந்துவிடாது என்று அரசே ஒப்புக்கொண்ட விஷயம் அது. (தலித் கிறித்தவர்களுக்கு மட்டும் அது ஏன் இன்னும் புரியவில்லை என்பது தனிச் சண்டை.) அதன்பிறகு வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடத் தொடங்கினோம். அலைச்சல் பாதியாகக் குறைந்தது. கடைசியில் கிடைத்த வீட்டுக்காரர் போட்ட ஒரே நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதுதான். அதனால் எங்கள் வீட்டில் அம்பேத்கரும் புத்தரும் மாட்டப்படாமல் அலமாரியில் சாய்ந்து நிற்கிறார்கள்.

இதுவரை சொன்னது அடுத்தவர் வாசலில் நடந்தது. எழுத வேண்டும் என்று நினைத்தது எங்கள் வாசலில் நடந்ததை.

எங்களோடு அம்மா இருக்கிறார். எங்களில் ஒருவருக்கு அம்மா, இன்னொருவருக்கு அத்தை. மாரியம்மனை விடமாட்டார். நாங்களும் வற்புறுத்துவதில்லை. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, நல்லெண்ணெயின் பயனை மக்கள் அறிந்த நாளாகத்தான் அயோத்திதாசப் பண்டிதர் தீபாவளியைப் பார்த்தார் என்று ஒருமுறை சொன்னோம். "அப்ப பேசாம உக்காந்து தேய்ங்க" என்றார்.

எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் அக்காவுக்கு அம்மாதான் தினமும் டீ கொடுப்பார். அந்த அக்கா அருந்ததியர். அவருக்கென்று ஒரு டம்ளர், ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்தே கிடக்கும். வந்து ஏழு மாதம் வரை நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்தோம், ஆனால் கண்ணில் படவில்லை. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததை மேடை மேடையாக நியாயப்படுத்திப் பேசியவர்கள் நாங்கள். மேலே இருப்பவனைப் பார்த்துக் கும்பிடவும் கீழே இருப்பவனைப் பார்த்து ஒதுங்கவும் பழக்கும் ஏணிதான் சாதி என்று அம்பேத்கரை வைத்து வகுப்பெடுத்தவர்கள். ஏணியின் ஒரு படி எங்கள் ஜன்னலில் கிடந்தது.

அம்மாவிடம் கேட்டோம். "எனக்கு ஒண்ணுமில்லப்பா. குப்பையத் தொட்ட கைன்னுதான்" என்றார். அம்மாவின் அம்மா பெரிய வீட்டு மாட்டுக்கொட்டகையில் சிரட்டையில் கஞ்சி வாங்கிக் குடித்தவர். அந்தக் கதையை எங்களுக்குச் சொன்னதே அம்மாதான். அதை நினைவுபடுத்தியதும் கோபப்பட்டு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் இரவு, கோபத்தை விட்டு, மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையைச் சொன்னோம். வேள்விக்கு நின்ற பசுவை அவிழ்த்துக் காப்பாற்றியதால் விரட்டப்பட்டவன், இந்த மதுரைக்குத்தான் வந்தான். சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, பிச்சை எடுத்ததைக் கண் தெரியாதவர்க்கும் நடக்க முடியாதவர்க்கும் முதலில் ஊட்டி, மிஞ்சியதைத் தான் தின்று, ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்கினான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது இங்கேதான். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த ஓட்டுல அவனும் தின்னானா?" என்றார். ஆமாம் என்றோம். வேறெதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஜன்னலில் டம்ளர் இல்லை. அக்கா இப்போது சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் டம்ளர்களில் ஒன்றில் குடிக்கிறார். முதல் நாள் உட்கார அவர்தான் தயங்கினார். அவர் போனபின் அம்மா அந்த டம்ளரைக் கழுவுகிறார். எங்கள் டம்ளர்களை ஒருமுறை, அதை மட்டும் இரண்டுமுறை. நாங்கள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். நேற்று பாத்திரம் கழுவியது எங்கள் முறை. எங்கள் கையும் அந்த ஒரு டம்ளரில் கொஞ்சம் நின்றது.