மைசூர் மைன்ஸில் ஒரு கைநாட்டு

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் இப்போது இரண்டு வகையான ஆட்கள் இறங்குகிறார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும் ஊர்க்காரர்கள் ஒரு வகை. தோளில் கேமராப் பையோடு “கேஜிஎஃப் எங்கங்க?” என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. 2018-இல் ‘கேஜிஎஃப்’ என்ற கன்னடப் படம் ஓடியதிலிருந்து இரண்டாம் வகை பெருகிவிட்டது. தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைட் மேட்டில் ஏறி நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு சாயங்காலமே கிளம்பிவிடுவார்கள்.

நான் கூடப் போன தயாரிப்பாளர் மேட்டை இறுதி நாளுக்கு ஒதுக்கிவிட்டு நேராக மைசூர் மைன்ஸ் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடந்தார். எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல் சமூகப் பிரச்சினைகளை ஆவணப்படமாக எடுப்பவர். சொந்த ஊர் ஆம்பூர். தயாரிப்பாளர் என்றால் வெள்ளை வேட்டியும் பெட்டியில் பணமும் நினைவுக்கு வரும். இவர் ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிறார். பூட்டிக் கிடக்கும் சுரங்க வளாகத்துக்குள் போக அனுமதிக் கடிதம் எழுதுகிறார். ராத்திரி உட்கார்ந்து எடுத்ததையெல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வேறு வேறு பைகளில் வைக்கிறார். பணம் தவணை தவணையாக வரவேண்டும். இரண்டாம் தவணை எப்போது வரும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இந்தக் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலை எடுத்த பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்த தலித் குடும்பங்களின் வாரிசுகள்தான் இந்த லைன்களில் இன்னமும் இருக்கிறார்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்த காலத்தை இங்கே சாதாரணமாகப் பேசுகிறார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று.

நாங்கள் பார்க்கப் போன பெரியவர் அவர்களில் ஒருவர். திண்ணையில் உட்கார வைத்துச் சட்டையில் மைக்கைக் குத்தினார் ஒலிப்பதிவுப் பையன். பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஹெட்போனை என் காதில் மாட்டிக் காட்டினான். பெரியவர் இன்னும் வாயே திறக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே போகும்போது ஒரு சன்னமான விசில், வெளியே வரும்போது கரகரப்பு. “நெஞ்சுல குத்தினா இப்படித்தான் கேட்கும், காலருக்கு மாத்திடவா அக்கா?” என்றான். “வேணாம், அங்கேயே இருக்கட்டும்” என்றார் தயாரிப்பாளர்.

பாறை துளைக்கையில் கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து இறுகிப்போவதுதான் சிலிகோசிஸ். 1940-களில் இந்தத் தங்கவயலில் 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோதே நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அது இருந்தது. திரையில் இந்த எண்ணை எழுத்தாகப் போடலாம். பெரும்பாலான படங்கள் அதைத்தான் செய்கின்றன. அந்த விசிலைக் கேட்ட பிறகு எனக்கு எழுத்துப் போடுகிறவர்கள் மேல் கொஞ்சம் கோபமே வந்தது.

பெரியவர் ஏர் பிளாஸ்ட் பற்றிச் சொன்னார். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். மேலே லைனில் சாமான்கள் ஆடும். உடனே பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து, எந்த ஷாஃப்ட், எந்த ஷிஃப்ட் என்று கேட்டு நிற்பார்கள். சாம்பியன் ரீஃப் பக்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது.

பேச்சு முடிந்ததும் ஒப்புதல் படிவத்தை எடுத்தார்கள். இந்த வேலையின் முள் இங்கேதான் இருக்கிறது. ‘எல்லா ஊடகங்களிலும், எக்காலத்துக்கும்’ என்று பணம் கொடுப்பவர்கள் தயார் செய்து அனுப்புகிற வாசகம். அதைத் தயாரிப்பாளர் தமிழில் பெயர்த்து வைத்திருந்தார். பெரியவருக்குக் கண் தெரியவில்லை.

“இன்னா எழுதியிருக்குதுன்னு படி கண்ணு.”

தயாரிப்பாளர் முழுதும் படித்தார். கேட்டுவிட்டுப் பெரியவர், “ரேகை வைக்கணுமா? ரேகைக்கோசரந்தான் எங்க தாத்தா காலத்துல வேலைக்குப் போவாம நின்னாங்க” என்றார்.

அது நடந்ததுதான். 1930-இல் கம்பெனி தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யப் பார்த்தபோது, தங்கவயலே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. திருடனிடம் வாங்குவதை எங்களிடம் எதற்கு வாங்குகிறாய் என்கிற ரோஷம்.

படம் என்ன செய்யும் என்பதும் இந்த ஊருக்குத் தெரியாததல்ல. கையால் மலம் அள்ளும் குடும்பத்தில் 1966-இல் இங்கே பிறந்தவர் பெஜவாடா வில்சன். சுரங்கக் குடியிருப்பின் உலர் கழிப்பிடங்களைப் படமெடுத்து அம்பலப்படுத்திய பிறகுதான் நிர்வாகம் அசைந்தது. 2016-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர் படமெடுத்தது தன் தாய் தகப்பன் வேலை செய்த இடத்தை. பெங்களூரிலிருந்து கேமராவோடு வருகிறவருக்கு அந்த உரிமை பிறப்பால் கிடையாது. உட்கார்ந்து பேசித்தான் வாங்கவேண்டும்.

பேசினார்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பெரியவர் காசு கேட்கவில்லை. மருமகள்தான் கேட்டாள், கேட்டதில் நியாயமும் இருந்தது. அன்றைய மருந்துச் செலவைத் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டார். பேட்டிக்குக் கூலி என்று கொடுத்தால் நாளை எவனாவது காசு வாங்கிக்கொண்டு சொன்ன கதை என்பான் என்று விளக்கினார். மருமகள் ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

பெரியவர் ஒரே நிபந்தனை போட்டார். “டில்லியில எல்லாம் அப்பால காட்டு. மொதல்ல இந்த லைன்ல காட்டணும். நான் இல்லாட்டியும் காட்டணும்.”

‘எக்காலத்துக்கும்’ என்ற வரியை அடித்துவிட்டு, அதற்கு மேல் இந்த நிபந்தனையைத் தன் கையால் எழுதினார் தயாரிப்பாளர். இரண்டு பிரதியிலும் எழுதிப் படித்துக் காட்டினார். பிறகுதான் பெரியவர் கட்டை விரலை நீட்டினார். பணம் கொடுப்பவர்கள் இந்தத் திருத்தத்தை ஒப்புக்கொள்வார்களா என்று திரும்பும்போது கேட்டேன். “சண்டை போடணும்” என்றவர், செலவுக் கணக்கு நோட்டில் புரொஜக்டர் வாடகை, திரை, ஜெனரேட்டர் என்று மூன்று வரி சேர்த்துக்கொண்டிருந்தார்.