அடிக்குறிப்பில் வராத பெயர்

"ஐடியாவெல்லாம் சரிம்மா, இதுக்கு சோர்ஸ் எங்க?"

எம்.ஏ. ஆய்வேட்டுக்கு ஃபேன்ஃபிக்‌ஷனை எடுத்துக்கொள்கிறேன் என்றதும் என் நெறியாளர் கேட்ட முதல் கேள்வி இது. அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொருவர் படைத்த பாத்திரங்களை வைத்து, ரசிகர்கள் புனைபெயரில், காசு வாங்காமல் எழுதும் கதைகள். இதைப் போய் யார் ஆராய்ந்திருப்பார்கள்? கல்லூரி நூலகத்தில் தேடினேன். ஒன்றுமில்லை.

அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. பதினாறு வயதில், அம்மாவின் போனில், போர்வைக்குள் ஒளிந்துகொண்டு ஹாரி பாட்டரை வைத்து நானும் முப்பது அத்தியாயம் எழுதியிருக்கிறேன்.

கூகுள் ஸ்காலரில் முதல் வாரம் வீணாய்ப் போனது. தப்பு என் தேடுசொல்லில் இருந்தது. 'ஃபேன்ஃபிக்‌ஷன்' என்று சேர்த்துப் போட்டால் ஒரு பட்டியல், பிரித்துப் போட்டால் வேறொன்று. 'ஃபேன் ஸ்டடீஸ்' என்று தேடியபோதுதான் இதற்கென ஒரு துறையே இருப்பது தெரிந்தது. ஹென்றி ஜென்கின்ஸின் 'டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்' வந்தது 1992இல். கமீல் பேகன்-ஸ்மித்தின் 'என்டர்பிரைசிங் விமன்' அதே வருடம். நான் பிறப்பதற்கும் முன்னால்! அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் ரசிகைகள் தாங்களே அச்சடித்துத் தபாலில் அனுப்பிக்கொண்ட சிற்றிதழ்களில் 1960களிலேயே இந்தக் கதைகள் வர ஆரம்பித்துவிட்டன.

அதன் பிறகு புத்தகங்களைப் பின்னாலிருந்து படிக்கப் பழகினேன். ஒன்றின் நூற்பட்டியல் இன்னொன்றுக்கு வழி காட்டும். அப்படித்தான் 2008 முதல் வரும் 'டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸ் அண்ட் கல்ச்சர்ஸ்' ஆய்விதழ் கிடைத்தது. துறை அறிஞர்கள் சரிபார்த்த கட்டுரைகள், மொத்தமும் இலவசம். சந்தா கட்ட வசதியில்லாத கல்லூரியில் படிக்கிறவளுக்கு அது புதையல்.

நெறியாளரை மசிய வைத்தது என்னவோ விக்கிரமன்தான். 'பொன்னியின் செல்வ'னின் தொடர்ச்சியாக அவர் எழுதிய 'நந்திபுரத்து நாயகி'யைச் சொன்னேன். "அட, அது நான் ஸ்கூல்லயே படிச்சதாச்சே" என்றார். அச்சில் வந்தால் சரித்திர நாவல், போனில் வந்தால் பொழுதுபோக்கா சார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது அத்தியாயம் முழுக்க ஒரே கதையைப் பற்றியது. 'பொன்னியின் செல்வன்' பாத்திரங்களை வைத்துத் தமிழில் ஒருத்தர் புனைபெயரில் எழுதியது. நான் வாசித்ததில் அதுதான் ஆகச் சிறந்தது. ஆனால் ரசிகர்களின் கதையை மேற்கோள் காட்டும் முன் எழுதியவரிடம் கேட்டுவிடுங்கள் என்று அந்த ஆய்விதழ் அறிவுறுத்துகிறது. பொதுவெளியில் இருப்பதுதானே, கேட்கத்தான் வேண்டுமா என்று இரண்டு நாள் இழுத்தடித்தேன். கடைசியில் செய்தி அனுப்பினேன்.

பதில் அன்று இரவே வந்தது. "ரொம்ப சந்தோஷம்மா. ஆனா வேணாமே. நான் எழுதுறது வீட்ல யாருக்கும் தெரியாது. பேர் போடலைன்னாலும் ஒரு வரியைத் தேடினாக்கூட கதை வந்துடும்ல?"

வந்துவிடும்தான். நானே தேடிப் பார்த்தேன். முதல் முடிவே அவர் கதை.

பதினோரு பக்கங்களை நீக்கினேன். அங்கே ஜென்கின்ஸ் சொன்னதைக் கொஞ்சம் நீட்டி எழுதி நிரப்பினேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சரியாக அந்த இடத்தில்தான் கை வைத்தார். "தியரி இவ்வளவு இருக்கு. தமிழ்ல ஒரு ப்ரைமரி டெக்ஸ்ட் கூட கிடைக்கலையா?"

"கிடைச்சுது சார். எழுதினவங்க வேணாம்னுட்டாங்க."

"ஆன்லைன்ல இருக்கறதுதானே?"

என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மதிப்பெண் குறைந்தது. அது என்ன கதை என்று இங்கேயும் சொல்லப் போவதில்லை.

அன்று ராத்திரி என் பழைய முப்பது அத்தியாயங்களைத் திறந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தன. யாராவது மேற்கோள் காட்ட அனுமதி கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். பக்கத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். போனின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டேன்.